பழங்கற்படியும் மஞ்சள் கேசட்டும்

திருக்கோகர்ணம் கோகர்ணேசுவரர் கோயிலின் குடைவரைப் பகுதியில், பாறை முகத்தில் ஒரு சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது: 'பரிவாதினிதா'. எழுத்து பல்லவ கிரந்தம். பரிவாதினி என்பது ஏழு நரம்புகள் கொண்ட இசைக்கருவி. எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலைக்குப் போனால், ஏழு பண்களுக்கான சுர வரிசைகளைப் பாறையில் வரிவரியாக எழுதி வைத்திருப்பதைக் காணலாம். அது 7ஆம் நூற்றாண்டினது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சுரங்கள் இருக்கின்றன. அவற்றை வாசித்த கருவியும் இல்லை, கையும் இல்லை. சில எழுத்துகளின் தலையில் இட்ட புள்ளிக்கு என்ன பொருள் என்பதிலேயே அறிஞர்கள் இன்றுவரை ஒருமனப்படவில்லை.

இக்கட்டுரையின் பொருள் இசை அன்று, வீடியோ கேம். கல்லூரியில் யாப்பருங்கலக்காரிகை நடத்துகிறவனுக்கு இது தேவைதானா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இரண்டு பத்தி பொறுத்தருள வேண்டும். 1990களின் முற்பகுதியில் பள்ளிச் சிறுவனாக இருந்து, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் விடுமுறைகளைத் தொலைத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தப் பழைய ஆட்டங்களை இப்போதும் ஆடுகிறேன். ('நிகழ்பட ஆட்டம்' என்ற கலைச்சொல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் எவரும் அப்படிச் சொல்லி ஆடியதில்லை என்பதால் இங்கு 'வீடியோ கேம்' என்றே எழுதுகிறேன்.) அவற்றின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது ஒன்று உறுத்தியது. உலகம் எழுதி வைத்திருப்பது சப்பானின், அமெரிக்காவின் வரலாற்றை. நாங்கள் ஆடியது வேறொரு இயந்திரம்.

மூலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1983 ஜூலை 15 அன்று சப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெட்டியை 14,800 யென் விலையில் வெளியிட்டது. வெள்ளையும் அடர்சிவப்பும் கலந்த சிறிய பெட்டி. வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உவேமுரா. 2021 டிசம்பரில் மறைந்தார். மூளையாக இருந்தது 6502 என்னும் பழைய செயலியின் ஒரு வகை. அதன் வேகம் நொடிக்குச் சுமார் 18 இலட்சம் துடிப்புகள். நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1985இல் அதுவே உருவம் மாறி அமெரிக்காவுக்குச் சென்றது. உலகெங்கும் இரண்டு வடிவங்களுமாக விற்றவை 6 கோடியே 19 இலட்சம். சப்பானில் 2003 வரை உற்பத்தி நடந்தது.

அந்த ஆறு கோடியில் ஒன்றுகூடப் புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து சேர்ந்து நான் பார்த்ததில்லை. 1991இன் பொருளாதார மாற்றத்துக்கு முன்பு இறக்குமதி என்பது நம் நாட்டில் நடவாத காரியம். அதற்குப் பின்னும் எளிதாகிவிடவில்லை. போட்டி நிறுவனமான செகா 1995இல் ஷா வாலஸ் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு இந்தியாவுக்கு வந்தது. 80 விழுக்காடு இறக்குமதி வரியைத் தவிர்க்கவே அந்த ஏற்பாடு. அப்படித் தவிர்த்த பின்னும் அதன் மெகா டிரைவ் பெட்டியின் விலை 18,000 ரூபாய். எங்கள் தெருவில் அன்று அந்தத் தொகைக்கு ஒரு கலர் டிவியே வாங்கலாம்.

இந்த இடைவெளியை நிரப்பியவை நகல்கள். தைவானின் யு.எம்.சி. நிறுவனம் நிண்டெண்டோவின் சில்லுகளுக்கு ஒத்த சில்லுகளை 1980களின் பிற்பகுதியிலேயே செய்யத் தொடங்கிவிட்டது. அவற்றை வைத்து எவர் வேண்டுமானாலும் பெட்டி கட்டலாம் என்றானது. தென்கிழக்காசியாவில் அது 'மைக்ரோ ஜீனியஸ்', போலந்தில் 'பெகாசஸ்', ரஷ்யாவில் 1992 டிசம்பர் முதல் 'டெண்டி'. இந்தியாவில் 'சாமுராய்', 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்', பின்னால் 'டெர்மினேட்டர்'. பெயரும் மேலோடும் வேறு. உள்ளே ஒரே வம்சம். சென்னை பர்மா பஜாரில் அடுக்கி வைத்து விற்றார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருந்தார். கோடாலித் தைலம், டார்ச் லைட், சென்ட் பாட்டில் ஆகியவற்றோடு பெட்டியின் அடியில் ஒரு டிவி கேமும் வந்து இறங்கும். அது வந்த வீட்டுப் பையனுக்கு அந்த மே மாதம் முழுவதும் தெருவில் தனி மரியாதை.

ஆடும் முறையையும் எழுதிவைக்க வேண்டும், இப்போதைய மாணவர்களுக்கு இது கற்காலம். டிவியின் பின்புறம் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு கேம் பெட்டியின் வயரைச் செருக வேண்டும். தூர்தர்ஷனைத் தேடுவதுபோல அதையும் ஓர் அலைவரிசையாகத் திருகித் தேட வேண்டும். கோடு கோடாக வந்து, ஒரு புள்ளியில் படம் நிலைகொள்ளும்போது எழும் கூச்சலில் பாட்டிமார் திடுக்கிடுவார்கள். பிறகு கேசட். மஞ்சள் நிற பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு சிறு பலகை. அதில் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் பொட்டு. படம் வரவில்லையென்றால் கேசட்டின் வாயில் ஊதுவோம். உலகெங்கும் சிறுவர்கள் இதையே செய்தார்கள், நிண்டெண்டோ ஊதவேண்டாம் என்று அறிவிக்கவும் செய்தது. உண்மையில் வேலை செய்தது மூச்சன்று. எடுத்து மறுபடி செருகியதில் முனைகள் சரியாகப் பொருந்தியதே காரணம். எச்சில் ஈரம் முனைகளைத் துருப்பிடிக்க வைத்ததுதான் மிச்சம்.

ஒரு சொல்லாய்வுச் செய்தி. அமெரிக்காவில் இதை 'கேம் பேக்' என்று விற்றார்கள், பொதுவழக்கில் கார்ட்ரிட்ஜ். நாம் மட்டும் ஆடியோ கேசட்டோடு குழப்பிக்கொண்டு 'கேசட்' என்று சொல்கிறோம் என்று நகரத்து உறவினர் ஒருவர் கேலி செய்வதுண்டு. சப்பானியர்கள் தொடக்கம் முதலே அதை 'கசெட்டோ' என்றுதான் அழைக்கிறார்கள். நம் தெருவழக்கு மூலத்துக்கு அருகில் நின்றிருக்கிறது!

கேசட் கடைகளில் இரண்டு வகை வணிகம் நடந்தது. மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடுவது ஒன்று. பழைய கேசட்டைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணமும் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதால் ஒரே கேசட் ஊரெல்லாம் சுற்றியது. மூலப்பெயர்கள் அந்தச் சுற்றில் உதிர்ந்தன. நாம்கோவின் 'பேட்டில் சிட்டி' எங்களுக்கு 'டேங்க்'. கொனாமியின் 'ரோடு ஃபைட்டர்' வெறும் 'கார் ரேஸ்'. 'டக் ஹன்ட்' என்பது 'வாத்து சுடுறது'. 'கான்ட்ரா' மட்டும் கான்ட்ராவாகவே இருந்தது; அந்த ஒலியின் கம்பீரத்தை எவரும் தொடத் துணியவில்லை போலும்.

இனி என் துறைக்கு வருகிறேன். சுவடிப் பதிப்பு பயின்றவர்களுக்குப் பாடவேறுபாடு என்பது குறையன்று, அது சான்று. எந்த ஏடு எந்த ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்பதைப் பிழைகளே காட்டிக்கொடுக்கும். மஞ்சள் கேசட்டுகளும் அப்படியே. '64 இன் 1', '9999999 இன் 1' என்றெல்லாம் உறையில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் ஆட்டங்கள். ஒரே ஆட்டத்தை வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படியும், உயிர்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் மாற்றி, புதுப்பெயர் சூட்டிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். முகப்புத் திரையில் ஆண்டும் நிறுவனப் பெயரும் இருந்த வரி துடைக்கப்பட்டிருக்கும். யாரோ ஒருவர், தைவானிலோ ஹாங்காங்கிலோ, மூலத்தைத் திறந்து, எந்த இடத்தில் எந்த எண்ணை மாற்றினால் மூன்றாம் கட்டத்தில் தொடங்கும் என்று கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார். திருட்டுத்தான். ஆனால் எழுத்தறியாமல் ஏட்டைப் பெயர்த்தெழுதிய கூலிக்காரரின் வேலையன்று. உரையாசிரியருக்குரிய நுணுக்கம் அதில் உண்டு.

மூலத்திலேயே பாடவேறுபாடு உண்டு. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985 செப்டம்பர் 13இல் வந்தது. அதில் 1-2 என்னும் கட்டத்தின் முடிவில் ஒரு சுவரை உரிய கோணத்தில் ஊடுருவிச் சென்று குழாயில் இறங்கினால், ' -1' என்று பெயர் காட்டும் ஒரு நீர்க்கட்டத்துக்குப் போய்விடலாம். அது முடிவதே இல்லை. கடைசிக்குப் போனால் மறுபடி தொடக்கம். உண்மையில் அது 36ஆம் உலகம். 36ஆம் எண்ணுக்குரிய எழுத்துரு வெற்றிடமாக இருப்பதால் முன்னால் ஒன்றும் தெரியாமல் கோடு மட்டும் நிற்கிறது. கேசட் வடிவில் இப்படி. சப்பானில் நெகிழ்வட்டில் வெளிவந்த வடிவில் அதே பிழை வேறு மூன்று கட்டங்களுக்குக் கொண்டுபோய், ஆட்டத்தை முடித்தும் வைக்கிறது. ஒரே நூல், இரண்டு ஏடுகள், இரண்டு விதமான நரகம்.

அந்த ஆட்டத்தின் அளவு 40 கிலோபைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இக்கட்டுரையை யூனிகோடில் சேமித்தால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வீதம், அதைத் தாண்டிவிடும். அவ்வளவு இடத்துக்குள் 32 கட்டங்கள், கோஜி கோண்டோவின் இசை, ஆமைகள், கோட்டைகள் எல்லாம். இடம் போதாமல் மேகத்தையும் புதரையும் ஒரே வடிவமாக வைத்து, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். சிக்கனத்தின் அழகு என்பது என் கட்சி. கூடவே ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பழைய ஆட்டங்கள் அவ்வளவு கடினமாக இருந்தது கலை நோக்கத்தால் மட்டும் அன்று. இயல்பாக ஆடினால் அரைமணியில் தீர்ந்துவிடும் சிறு ஆட்டத்தை மாதக்கணக்கில் நீட்டக் கடினம் ஒன்றே வழி. விட்ட இடத்தைச் சேமிக்கவும் முடியாது. 'டேங்க்' ஆட்டத்தில் நாமே செங்கல் அடுக்கிக் களம் அமைக்கலாம். மின்சாரம் போனால் களமும் போகும். தமிழ்நாட்டு மின்சாரத்தை நம்பி நாங்கள் கட்டிய கோட்டைகள் எத்தனையோ!

இக்காலத்து ஆட்டங்களைப் பழிக்கும் வழக்கம் என் போன்ற பழைய ரசிகர்களிடம் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இன்றைய ஆட்டங்களில் சில, நாவலுக்கு நிகரானவை. என் முறையீடு வேறு: வாங்கியது வாங்கியவனிடம் நிற்பதில்லை. 2023 மார்ச் 27 அன்று நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ பெட்டிகளுக்கான இணையக் கடையை மூடியது. 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் 'தி க்ரூ' ஆட்டத்தின் வழங்கியை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதற்குப் பின் ஆட முடியவில்லை. அமெரிக்காவில் விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஒன்று 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கு வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று முறையாக விற்பனையில் இல்லை. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்ட அனுமதி கேட்டன. அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

நம் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் வரையறையில் கணினி நிரல் 'இலக்கியப் படைப்பு' என்பதற்குள் அடங்கும். 1984 திருத்தத்தால் அது சேர்க்கப்பட்டது. ஆகவே சட்டப்படி மாரியோ இலக்கியம்! (பாடத்திட்டக் குழுவில் இதைச் சொல்லிப் பார்த்தேன், சிரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள்.) இலக்கியம் என்றால் படைத்தவர் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுக் காப்பு. மாரியோவைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோ நலமாக இருக்கிறார், நீடு வாழ்க. பிசின் பொட்டு வைத்த மஞ்சள் கேசட் அவ்வளவு காலம் தாங்காது.

தாங்காததைப் படியெடுப்பது நம் மரபில் புதிதன்று. கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, இடிக்கும் முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். கோயில் எழுந்த பின், இராசேந்திரன் காலத்தில் அவற்றை மீண்டும் கல்லில் பொறித்தார்கள். திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுப்பித்தபோது பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் பெயர்த்தெழுதி, இது 'பழங்கற்படி' என்று குறித்தும் வைத்தார்கள். கேசட்டின் உள்ளடக்கத்தைக் கணினிக் கோப்பாக எடுத்து, பழைய இயந்திரத்தைப்போல நடிக்கும் எமுலேட்டர் என்னும் மென்பொருளில் ஓட்டுவது கிட்டத்தட்ட இதே வேலை. ஒரு வேற்றுமை, கோயிலார் படி என்று சொல்லி எழுதினார்கள், பஜார்க்காரர்கள் பெயரைத் துடைத்துவிட்டு எழுதினார்கள்.

ஆனால் படியெடுத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடுகிறதா? 'வாத்து சுடுறது' ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, அது பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய குண்டு டிவியின் மின்கற்றை படத்தை வரியும் வேகத்தோடு கணக்கிட்டு அமைத்த ஏற்பாடு அது. இன்றைய தட்டைத் திரையில் அத்துப்பாக்கி குருடு. நிரல் அப்படியே இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது. டிவி போனதால் வாத்து சாவதில்லை.

இதைவிட நுட்பமானது வேகம். சப்பானிய இயந்திரம் நொடிக்கு 60 படங்கள் வரைந்தது. இந்தியத் தொலைக்காட்சி பால் முறையைச் சேர்ந்தது; நொடிக்கு 50. பால் முறைக்கென அமைத்த நகல் பெட்டிகளில், படத்துக்கு ஒரு காலடி என்று எழுதப்பட்ட ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நகரும். இசையும் அதே படக்கணக்கில் நடப்பதால், சுருதி ஏறத்தாழ மாறாமல் காலப்பிரமாணம் மட்டும் தளரும். எமுலேட்டரில் முதன்முதலாக மாரியோவைக் கேட்டபோது ஏதோ அவசரத்தில் ஓடுகிறானே என்று எனக்குத் தோன்றியதற்கு வயது காரணமன்று. என் செவியில் இருந்தது விளம்ப காலம். உலகத்துக்கு அது பிழையான மாரியோ. திருக்கோகர்ணத்துக்கு அதுதான் மாரியோ. குடுமியான்மலைப் பாறையின் முன் நிற்கும்போது எனக்கு இந்த நினைவு வருவதுண்டு. சுரம் கிடைத்துவிட்டது, எந்த நடையில் வாசித்தார்கள் என்பதுதான் பரிவாதினியோடு போய்விட்டது.

ரஷ்யர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். தங்கள் நகல் பெட்டியை வெட்கமின்றி ஆராய்ந்து, அதன் சில்லு எவ்வாறு நேரத்தைக் கணக்கிட்டது என்று அளந்து வைத்தார்கள். இன்று நல்ல எமுலேட்டர்களில் எந்த இயந்திரமாக நடிக்கவேண்டும் என்ற தெரிவைத் திறந்தால் மூன்று பெயர்கள் நிற்கும்: சப்பான் அமெரிக்காவுக்கான என்.டி.எஸ்.சி., ஐரோப்பாவுக்கான பால், மூன்றாவதாக 'டெண்டி'. ஒரு திருட்டு நகல் தன் பெயரோடு வரலாற்றில் ஏறிவிட்டது. நான் என் பால்யத்தை அதே நடையில் மீட்க வேண்டுமானால் 'டெண்டி'யைத்தான் சொடுக்குகிறேன். 'லிட்டில் மாஸ்டர்' அந்தப் பட்டியலில் இல்லை.

ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதையை உ.வே.சாமிநாதையர் வழியாக அறிந்து வருந்துகிறவர்கள் நாம். நம் வீட்டுப் பரணில் இருந்த கேம் பெட்டியைப் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழமாக மாற்றியபோது எவரும் வருந்தவில்லை. எங்கள் ஊர் அம்மனை அரைக்காசு அம்மன் என்பார்கள். தொலைந்த பொருள் கிடைக்க வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். தொலைந்தது என்று தெரிந்தால்தானே வேண்டிக்கொள்வதற்கு? இதே ஊரில் 1910இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நாணயம், படைக்கலம், இசைக்கருவி எல்லாம் முறையாகப் பதிவேட்டில் ஏறியவை. ஒரு மஞ்சள் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தப் பிரிவில் பதிவார்கள்? மானிடவியலிலா, இசையிலா? கேட்டுப் பார்க்க எண்ணம். அதற்கு முன் கையில் பொருள் வேண்டும்.

ஆகவே வாசக நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், மாமனார் வீட்டுக் கட்டிலடியில் இப்பெட்டிகளில் ஏதேனும் கிடந்தால், அது ஓடாவிட்டாலும் தூக்கி எறியாதீர்கள். அடிப்புறத்தில் உள்ள நான்கைந்து திருகாணிகளைக் கழற்றி, பலகையில் உள்ள பெரிய சில்லுகளின் மேல் அச்சிட்ட எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கொண்டே எங்கு, எம்முறைக்காகச் செய்தது என்று சொல்லிவிடலாம். கேசட்டில் ஒட்டிய தாள், திரையில் வரும் பட்டியலின் வரிசை, அதிலுள்ள எழுத்துப்பிழைகள் ஆகியவற்றைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய கடையின் முத்திரையோ உத்தரவாத அட்டையோ இருந்தால் இன்னும் நன்று. திருச்சி, காரைக்குடி, புதுக்கோட்டைக் கடை முத்திரைகள் எனக்கு உடனடித் தேவை. ஊதிப் பார்க்க மட்டும் வேண்டாம்.